லாரி காணாமல் போயிருந்த மூன்று வருஷம்

நாங்கள் வீட்டுக்குப் பதிலாக லாரி வாங்கினோம்.

சின்னாளப்பட்டிக்கு முன்னால், மதுரை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு மனையிடம் இருந்தது. நான்கு மூலையிலும் கல் நட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சில நாள் அங்கே போவோம். அம்மா கல்லுக்குக் கல் நடந்து, இது அடுப்படி, இது முன்னறை, இது பாப்பா படிக்கிற இடம் என்று வெறும் தரையைக் கையால் காட்டுவாள். நான் வாசல் வரப்போகிற இடத்தின் வழியாகத்தான் உள்ளே போய் வர வேண்டும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஓடினால் அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வரும். இப்படிச் சுவரே இல்லாத வீட்டில் சில வருஷம் குடியிருந்துவிட்டு, நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அதை விற்றோம்.

அப்பா அதுவரை இன்னொருவருடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு வண்டி வந்துவிட்டால் அதற்குப் பின்னாலேயே வீடும் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் வெஞ்சனத்தில் உப்புப் போட மறந்தாள். நானும் அப்பாவும் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

லாரியை விற்றவர் திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒரு பாய். குரலை உயர்த்தாத மனிதர். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாலித்தீன் பையை அப்பாவிடம் நீட்டினார். முதலில் வைத்திருந்தவர் சர்வீஸ் விட்ட ரசீதுகள் அதில் இருந்தன. கடைசியாகப் பாய் தன் கையில் வந்த பிறகு பார்த்த வேலைகளுக்கான ரசீதுகளும் இருந்தன. நடுவில் மூன்று வருஷத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஒரு புரோக்கர் மூலமாகத்தான் தானும் வாங்கியதாகச் சொன்னார்.

"எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான் தம்பி. நடுவுல அது எங்க இருந்துச்சு, என்ன செஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

வேறு யாராவது என்றால், வண்டி சும்மா நின்றது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கதையை முடித்திருப்பார்கள். இவர் உண்மையைச் சொன்னதால்தான் எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாருக்கும் நிம்மதி இல்லை.

இந்த இடத்தில் மாமாவைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன், டவுனில் பள்ளிக்கூட வாத்தியார். காகிதம் என்றால் அவருக்கு உயிர். குடையைத் தொலைத்துப் பல வருஷம் ஆன பிறகும் குடை வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர். அவர் அந்தப் பையைக் கவிழ்த்து, ரசீதுகளைத் தேதி வாரியாக எங்கள் வீட்டுத் தரையில் பரப்பினார். ஃபேன் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் எல்லோருக்கும் வேர்த்தது. வாசல் பக்கம் முதல் முதலாளியின் ரசீதுகள், அடுப்படிப் பக்கம் பாயின் ரசீதுகள். நடுவில் காணாமல் போன மூன்று வருஷத்துக்காக வெறும் தரையை அப்படியே விட்டிருந்தார். எனக்காகத்தான் இடம் விட்டிருக்கிறார் என்று நினைத்து நான் போய் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"பாருங்க மாப்ளே, நடுவுல இம்புட்டுப் பெரிய ஓட்டை" என்று மாமா அப்பாவிடம் என்னைக் காட்டினார்.

வண்டி ஏதோ கேசில் மாட்டிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கும் என்பது மாமாவின் சந்தேகம். பின்பக்கத்துப் பாடி புதிதாகக் கட்டியிருக்கிறதே, பழைய பாடி என்ன ஆயிற்று என்று கேட்டார். பழசு உளுத்துப் போயிருக்கும் என்றார் அப்பா. அவருக்கு வண்டி பிடித்துப்போயிருந்தது. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வண்டியைத் தாங்கும் சேசிஸுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். பிடித்துப்போன பொருளின் மீது புதுப் பெயிண்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அம்மாவின் பயம் வேறு. அதை அவள் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னாள். அந்த மூன்று வருஷத்தில் அது யாரையாவது அடித்துப் போட்டிருந்தால்? ஒரு குடும்பத்தின் கண்ணீர் பட்ட வண்டியில் வருகிற சோற்றை என் பிள்ளைக்கு எப்படிப் போடுவேன் என்று கேட்டாள். 

பாய்தான் ஒரு வழி சொன்னார். நீங்கள் கொடுத்த முன்பணம் அப்படியே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வண்டியை வைத்து ஓட்டிப் பாருங்கள், மனசு ஒப்பவில்லை என்றால் திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். லாரி எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றது. பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, திருப்பிக் கொடுக்கப் போகிற வண்டிக்கு எதற்குத் தீர்த்தம் என்று மாமா தடுத்துவிட்டார்.

பெரியவர்கள் சந்தேகப்பட்ட அந்த மூன்று வருஷத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லாரியில் ஏறிவிடுவேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் கன்னத்தை வைத்துப் படுத்தால் உள்ளே ஒரு மங்கலான வெளிச்சம் இருக்கும். வெளியே தெருவில் பேசுகிறவர்களின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்கும். இந்த வண்டி கடலைப் பார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். சர்க்கஸ் யானையை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் பனியில் வளைந்து வளைந்து போயிருக்கும். வழி தெரியாமல் ஏதோ ஒரு காட்டுக்குள் நின்று, மேலே கொடி படர்ந்து, உள்ளே குருவி குஞ்சு பொரித்திருக்கும். கனவு எது, நான் யோசித்தது எது என்று பிரிக்க முடியாமல் கிடப்பேன். அம்மா வந்து கதவைத் தட்டும்போது, ஊருக்குத் திரும்பி வர மனசில்லாமல் கண்ணைத் திறப்பேன்.

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, பாரம் ஏற்றினால்தான் அதன் குணம் தெரியும் என்று அப்பா சொன்னார். நத்தம் போகிற வழியில் ஒரு தோப்புக்காரர் புளி மூட்டை ஏற்றி வரச் சொல்லியிருந்தார். தவக்காலத்து ஞாயிறு அது. காலைப் பூசை முடிந்ததும் நாங்கள் நாலு பேரும் அப்படியே லாரியில் ஏறினோம். அம்மா பூசைக்குக் கட்டிய சுங்குடிச் சேலையோடு இருந்தாள். மாமா சட்டைப் பையில் ஒரு பேனாவும், வண்டியின் குறைகளை எழுத ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருந்தார். போகும்போது அந்தத் தாளில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. வண்டி நன்றாகப் போயிற்று. வலது பக்கம் சிறுமலை கூடவே வந்தது. அப்பா விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். அவர் விசிலடித்து அன்றுதான் நான் கேட்டேன்.

தோப்பில் மூட்டைகளை ஏற்றியதும், மெயின் ரோட்டுக்குப் போகாமல் உள் வழியாகவே சாணார்பட்டிக்கு வந்துவிடலாம் என்று தோப்புக்காரர் வழி சொன்னார். காய்ந்த கரிசலும் செம்மண்ணுமாக மாறி மாறி வந்தது. எங்கே பார்த்தாலும் வேலிமுள்தான் பச்சை. வெயிலில் ரோடு தண்ணீர் தேங்கினாற்போல மினுங்கியது. பக்கத்தில் போனால் அது இருக்காது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மினுங்கும். நான் அதையே பார்த்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தேன். அப்போது ஒரு சின்ன ஊரின் நுழைவில் வெள்ளாடுகள் குறுக்கே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றன. அப்பா ஹாரனை அழுத்தினார்.

அந்த லாரிக்கு ஒரு தனி ஹாரன். மூன்று படியாக ஏறிப்போய், கடைசியில் ஏதோ கேட்பது மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். ஆடுகள் ஒதுங்கவில்லை. அப்பா இன்னொரு முறை நீளமாக அழுத்தினார்.

முதலில் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் கையில் பச்சைக் குடத்தோடு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் சிவப்புக் குடம் ஒன்று வந்தது. பிறகு சந்துகளிலிருந்து நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று குடங்களாக வந்துகொண்டே இருந்தன. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், தலைமுடியை முடிந்துகொண்டே வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக வந்தவர்கள். பிளாஸ்டிக் குடங்கள் வெயிலில் விளக்கேற்றினாற்போல இருந்தன. யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. ரோட்டோரத்தில் அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்த மாதிரி குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு ஆயர் வந்தபோது அவரை வரவேற்க இப்படித்தான் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் புது லாரி வாங்கிய செய்தி எப்படியோ இந்த ஊர்வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் மடியில் ஏறி நின்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். சில பிள்ளைகளும் ஆட்டின. மாமாவுக்கும் என்ன தோன்றிற்றோ, அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். அதைப் பற்றி இன்றுவரை எங்கள் வீட்டில் கேலி நடக்கிறது, அவர் இன்றுவரை மறுக்கிறார்.

அம்மா மட்டும் கும்பிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வெளியே கிளம்பும்போது எதிரே ஒரு வெறுங்குடம் வந்தாலே வீட்டுக்குள் திரும்பி வந்து, சிலுவை போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். அன்றைக்கு ஓர் ஊரின் வெறுங்குடங்கள் அத்தனையும் அவள் எதிரே நின்றன.

பச்சைக் குடத்துக்காரி லாரியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா கீழே இறங்கினார்.

"என்னண்ணே, டேங்கைக் காணோம்?"

"என்ன டேங்குமா?"

"தண்ணி டேங்குதேன். இந்த வண்டிதானே எங்களுக்குத் தண்ணி ஊத்துச்சு. ஹாரன் சத்தம் எங்களுக்குத் தெரியாதா? மழையே இல்லாத அந்த மூணு வருசமும் இந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சோம், இதுக்குத்தான் படுத்தோம்."

ஒருநாள் வழக்கம்போல வந்துவிட்டுப் போன வண்டி மறுநாள் வரவில்லையாம். டெண்டர் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்களாம். குழாய் போட்டிருக்கிறார்கள், அதில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அதற்கே தெரியாது என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் லாரித் தண்ணீர் விடுகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணித்தான் ஓடிவந்தோம் என்றார்கள்.

அப்பா டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போனார். அங்கிருந்து சுரண்டுகிற சத்தமும், தட்டுகிற சத்தமும் வந்தன. வெளியே வந்தபோது அவர் கையில் கறுப்புப் பெயிண்டோடு பெயர்ந்து வந்த துரு இருந்தது. அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக இருந்த அதை அவர் விரலால் நசுக்கினார், பொடியாகிவிட்டது. மூன்று வருஷம் டேங்கிலிருந்து ஒழுகின தண்ணீர் சேசிஸை அரித்திருக்கிறது, அதை மறைத்துத்தான் யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று மாமாவிடம் மெல்லச் சொன்னார். மாமா பேனாவை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுதாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். லாரியில் புளிதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் வரிசையிலிருந்து ஒருத்தியும் குடத்தை எடுக்கவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்ததும் பச்சைக் குடத்துக்காரி ஜன்னல் அருகே வந்தாள். வண்டியின் கதவை, மாட்டைத் தடவுகிற மாதிரி, ஒரு தடவை தடவினாள்.

"அடுத்த தடவை வாரப்ப கொஞ்சூண்டு தண்ணியோட வாங்கண்ணே."

"சரிம்மா" என்றார் அப்பா.

எங்கள் தெருக்குழாயிலேயே தண்ணீர் வந்து பல நாள் ஆகியிருந்தது. நாங்களே தள்ளுவண்டிக்காரரிடம் குடம் இவ்வளவு என்று காசுக்கு வாங்கித்தான் சமைத்துக்கொண்டிருந்தோம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அப்பா சரி என்று சொன்னால் செய்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நான் அவர்களுக்கு மறுபடியும் கையை ஆட்டினேன்.

வண்டி கிளம்பியது. அப்பா விசிலடிப்பதை விட்டுவிட்டார். எல்லா ஊரிலும் இப்படி வந்து நிற்பார்களா என்று நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா என் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் சாவியைப் பாயிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மாமா சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அந்த வண்டியின் மேல் அவருக்கு இருந்த ஆசையெல்லாம் வேலிமுள் ஓரத்தில் இறங்கிப் போய்விட்டதைப் போல இருந்தது அவர் முகம். இனி மறுபடியும் அடுத்தவர் லாரிதான். மனையும் இல்லை.

சிறுமலை இப்போது இடது பக்கம் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"வாங்கிருங்க."

"சேசிஸை அரிச்சிருக்குங்கிறேன். தெரிஞ்சே எப்படி வாங்குறது?"

"தெரிஞ்சு வாங்க எனக்குப் பயமில்லை. தெரியாம வாங்கத்தான் பயந்தேன். மூணு வருசமும் தண்ணி சொமந்திருக்கு. ஒருத்தரையும் அடிச்சுப் போடலை. அதுக்கு மேல என்ன ரெக்கார்டு வேணும் உங்களுக்கு?"

மாமா வாயைத் திறந்தார். அம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். வாத்தியாரை அடக்குகிற வாத்தியார் அம்மா. அப்பா சாணார்பட்டி தாண்டிய பிறகு, ஓரமாக நிறுத்தி எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, பிளேட் வைத்து வெல்டிங் பண்ணினால் தாங்கும் என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். அவர் குரலைக் கேட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது, லாரி எங்களுடையது என்று. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி இளநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

பாய் விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே அவரே விலையைக் குறைத்தார். லாரி வெல்டிங் பட்டறையில் சில வாரம் கிடந்தது. அடியில் புது இரும்பு ஏறியது. பிறகு சாமியார் வந்து எல்லாச் சக்கரத்துக்கும் தீர்த்தம் தெளித்தார். மாமா புதிதாக ஒரு ஃபைல் வாங்கி, பட்டறை ரசீதை முதல் தாளாக வைத்தார். நடுவில் விட்டுப்போன அந்த மூன்று வருஷத்துக்கு அவர் ஒரு வெள்ளைத் தாளைச் செருகியிருப்பதாக அம்மா சொல்லிச் சிரித்தாள்.

பட்டறையிலிருந்து வந்த லாரியில் ஒரு குறை இருந்தது. ஹாரனை மாற்றியிருந்தார்கள். அமுக்கினால் பீப் என்று ஸ்கூட்டர் மாதிரி கத்தியது. நான் அழுது புரண்டேன். அது ரொம்பச் சத்தமாக இருக்கிறது பாப்பா, ஆடு மாடெல்லாம் மிரளுது என்றார் அப்பா. அன்றைக்கு ஓர் ஆடுகூட மிரளவில்லையே என்று நான் கேட்டதற்கு, அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

முழுப் பரீட்சை லீவில் அப்பா என்னை மறுபடியும் அந்தப் புளித் தோப்புக்குக் கூட்டிப்போனார். அம்மா வரவில்லை, நானும் அவரும் மட்டும்தான். மூட்டை ஏற்றிக்கொண்டு அதே உள்வழியில் திரும்பினோம். மத்தியான வெயில். ரோட்டில் அந்த இல்லாத தண்ணீர் மினுங்கிக்கொண்டே முன்னால் போயிற்று. அந்த ஊர் தூரத்தில் தெரிந்ததும் நான் தலையைக் கையால் வாரிக்கொண்டேன், கவுனை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஊர் கிட்டத்தில் வந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அப்பா ஹாரனைத் தொடவே இல்லை. இன்ஜின் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாகப் போனார்.

நாங்கள் வந்திருப்பது பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பழைய ஹாரன்தான் போய்விட்டதே. நான் ஜன்னலில் தலையை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயாலேயே அந்த ஹாரனை அடித்தேன். லீவு முழுக்க வீட்டில் அடித்துப் பழகியிருந்தேன். மூன்று படியாக ஏறி, கடைசியில் ஏதோ கேட்கிற மாதிரி இழுத்து நிறுத்தினேன். அவ்வளவு அச்சாக வந்தது. இரண்டாவது தடவை அடித்தபோது ஒரு கதவு திறந்தது. இன்னொன்றும் திறந்தது.

அப்பாவின் இடது கை வந்து என் வாயைப் பொத்தியது. டீசலும் புளியும் மணக்கிற பெரிய கை. அவர் வண்டியை வேகமாக எடுத்தார். நான் அந்தக் கையை விலக்கிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். புழுதிக்கு நடுவே பச்சையும் சிவப்புமாகக் குடங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன.

திண்டுக்கல் வரும்வரை நான் அப்பாவிடம் பேசவில்லை. நமக்காக வெயிலில் ஓடிவந்து நிற்கிறவர்களைப் பார்த்து, நின்று ஒரு வார்த்தை பேசாமல் போகிறாரே, எங்கள் அப்பாவுக்கு மரியாதையே தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது.